காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, ஆவி, செய்வினை எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் மூன்றாம் நம்பர் மெஷின் சாயங்காலம் ஆனால் பெண் அழுவது போல அழுகிறது என்று வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பயந்து, அதற்கு எலுமிச்சம்பழம் கட்டி, திருநீறு பூசி, கடைசியில் அந்த மெஷினைத் தொடவே மாட்டோம் என்றார்கள். நான் கழற்றிப் பார்த்தேன். பேரிங் போயிருந்தது. மாற்றினேன், அழுகை நின்றது. எது அழுதாலும் கழற்றிப் பார்க்கிற ஆள் நான், அவ்வளவுதான்.

அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் இது எனக்கு நடந்தது, காலை எட்டு மணி வெயிலில் நடந்தது, அன்று நான் குடித்திருக்கவும் இல்லை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கடலில் மூழ்கி ஈட்டியால் மீன் அடிப்பது. சிலிண்டர் எல்லாம் கிடையாது, ஒரே மூச்சுதான். முகத்தில் கண்ணாடி, காலில் துடுப்பு, கையில் ரப்பரை இழுத்துப் பூட்டுகிற துப்பாக்கி, அதில் ஒரு எஃகு ஈட்டி, ஈட்டியின் வாலில் கயிறு, கயிற்றின் மறுமுனை துப்பாக்கியிலேயே கட்டியிருக்கும். துப்பாக்கியை நானே பட்டறையில் செய்தேன். கடையில் விற்பதில் விசை தவறி அழுந்தாமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். அதைத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், தண்ணீருக்குள் மீனுக்கு அது நன்றாகக் கேட்கும். அதனால் என் துப்பாக்கியில் பூட்டே வைக்கவில்லை. அதைக் கேள்வி கேட்ட ஒரே ஆள் மோகன்.

"பூட்டு எங்கடா? கை தவறுச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றான்.

"என் கை தவறாது."

"தோ பார்றா, தொரை பேசறாரு!"

மோகன் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், அடையாறில் ஒரு நீச்சல் குளத்தில் கோச். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவனை வெளியே வரவழைப்பது பெரும்பாடு. மீன் இல்லாத நாளில் தட்டைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். கடலுக்கு எப்போதும் நாங்கள் இரண்டு பேர்தான் போவோம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே மிதந்தபடி காவல் இருக்க வேண்டும், மூச்சு முட்டி மயங்கினால் தூக்குவதற்கு. கீழே போனவன் வரும்வரை மேலே இருப்பவன் மூழ்கவே கூடாது. கிடைத்த மீனைப் பங்கு போடுவதிலும் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. உடல் அடித்தவனுக்கு, தலை காவல் இருந்தவனுக்கு. களவா மீன் தலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இதில் யாருக்கு லாபம் என்று தெரியும்.

ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. மீனை அடிப்பது பெரிய காரியம் இல்லை. துடிக்கவிடாமல் ஒரே அடியில் முடிப்பதுதான் வித்தை. வயிற்றில் அடித்தால் சதை கிழிந்து ஈட்டியை உதறிவிட்டுப் போய், ஏதாவது பொந்தில் கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். அது பாவம், அசிங்கமும் கூட. மீனின் பக்கவாட்டில் வாலிலிருந்து ஒரு கோடு வரும், கவனித்திருப்பீர்கள். அந்தக் கோட்டை அப்படியே மனதில் கண்வரை நீட்டினால், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், செவுள் மூடி தொடங்குகிற இடத்துக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம் இருக்கிறது. மூளை அங்கேதான். அதில் பட்டால் துடுப்பெல்லாம் ஒரு தடவை விரிந்து சிலிர்க்கும், நிறம் வெளுக்கும், அத்தோடு சரி. மீன் நமக்கு முழுப் பக்கத்தைக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும், இரண்டு கை நீளத்துக்கு மேல் தூரம் இருந்தால் விசையைத் தொடக் கூடாது, துரத்தக் கூடாது, அடியில் படுத்துக் கல்லோடு கல்லாகக் கிடக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

திங்கட்கிழமை குளத்துக்கு விடுமுறை. ஒட்டுப்பலகையை மீன் வடிவத்தில் வெட்டி, ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, குளத்தின் அடியில் நிறுத்திவைத்துப் பழகுவோம். பத்துக்கு ஒன்பது வட்டத்துக்குள் அடிப்பேன். மோகனுக்கு நாலு தேறினால் அதிகம்.

"நீ மீனப் பாக்கற, அதான் தப்பு," என்று அவனுக்குப் பாடம் எடுப்பேன். "மீனப் பாக்காத. அந்த எடத்த மட்டும் பாரு."

"மொதல்ல அது மீனு தானான்னு பாக்க வேணாமா மச்சி?" என்பான். அவனுக்குக் குறி வராததால் பேசுகிறான் என்று சிரிப்பேன்.

அன்று பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊரூர் குப்பத்திலிருந்து ஏழுமலை அண்ணனின் ஃபைபர் படகில் ஆறு மணிக்கே கிளம்பினோம். அரை மணி தூரத்தில் கடலடியில் ஒரு பாறைக் கூட்டம் இருக்கிறது, குப்பத்தில் அதற்குப் 'பார்' என்று பேர். நாலு ஆள் ஆழம். சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் கொட்டுகிற காலம் என்பதால் இரண்டு பேரும் தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிற கறுப்புத் துணி உறை மாட்டியிருந்தோம். அந்த உறையை மறந்துவிடாதீர்கள்.

முதல் மீன் நல்ல சங்கரா. அது முழுதாகத் திரும்புவதற்குள் நான் அவசரப்பட்டு விசையை இழுத்துவிட்டேன். வயிற்றில் பட்டது. கிழித்துக்கொண்டு போய்விட்டது, கயிற்றை இழுத்தால் ஈட்டி நுனியில் குடல்தான் வந்தது. மோகன் மேலே மிதந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

"இன்னா மச்சி, ஆபரேசனா பண்ண?" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிண்டல் கூடப் பரவாயில்லை, அந்த மீன் எங்கேயோ குடல் தொங்கக் கிடக்கிறது என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்ததை நாணயத்திலேயே அடிப்பேன், அடித்துவிட்டுத்தான் கரைக்கு வருவேன் என்று எனக்குள் ஒரு வெறி. அதற்குள் நீரோட்டம் மாறி, தெளிவாக இருந்த தண்ணீர் கலங்க ஆரம்பித்துவிட்டது.

"தண்ணி கெட்டுப்போச்சுபா, ஏறிக்கோங்க," என்று படகிலிருந்து ஏழுமலை அண்ணன் குரல் கொடுத்தார்.

"ஒரே ஒரு தடவ அண்ணே," என்றேன்.

"வேணாம் மச்சி, ஒண்ணும் தெரியாது," என்றான் மோகன். நான் அவனுக்குப் பதில்கூடச் சொல்லாமல் ரப்பரைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

கீழே சேறு கரைத்த மாதிரி இருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒரு பாறையின் நிழலில் படுத்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே மேலே வந்திருக்க வேண்டும். நான் பாறையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். மேலே இருந்தவன் கண்ணுக்கு நான் மறைந்திருப்பேன், நேரம் ஆகிறதே என்று அவன் பயந்திருப்பான், இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பக்கம் ஒரு களவா நின்றுகொண்டிருந்தது.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அவ்வளவு கலங்கலில் அந்த மீன் மட்டும் கண்ணாடித் தொட்டியில் இருப்பது போலத் தெரிந்தது. பழுப்பு நிறம், உடம்பு முழுக்கப் புள்ளி, தடித்த உதடு, மெதுவாக ஆடுகிற மார்புத் துடுப்பு, செவுள் திறந்து மூடுவது, எல்லாமே தெரிந்தது. முழுப் பக்கத்தையும் எனக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. தூரம் இரண்டு கை நீளம்கூட இல்லை. கண், அதற்குப் பின்னால் கோடு, அந்த இடம். நான் மீனைப் பார்க்கவில்லை, அந்த இடத்தை மட்டும் பார்த்தேன். விசையை இழுத்தேன்.

ஈட்டி கிளம்பியது கையில் தெரிந்தது. அது போய்ச் சேருவதற்குள் மீன் முகத்தைத் திருப்பியது. மோகன்.

மோகன் முகம். கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் அகலத் திறந்து என்னைப் பார்த்தன. கறுப்பு உறை, அதில் வலது காதுக்குப் பின்னால் என் ஈட்டி. 'டக்' என்று, பலகையில் அடிக்கும்போது வருகிற அதே சத்தம் எனக்குக் கேட்டது. அவன் இரண்டு கையும் ஒரு தடவை விரிந்து சிலிர்த்தன. பிறகு கலங்கல் மூடிக்கொண்டது.

இருபத்தைந்து வருடச் சிநேகிதனைக் கொன்றுவிட்டேன் என்பதைத் தவிர வேறு ஒரு நினைப்பும் இல்லை. துப்பாக்கியைப் பிடித்தபடியே மேலே உதைத்தேன், பின்னால் கயிற்றில் கனம் வந்தது. தலை வெளியே வந்ததும் கத்தினேன். மோகன், மோகன் என்று கத்தினேன், தொண்டை கிழிந்துவிட்டது.

"இன்னா மச்சி?" என்று குரல் வந்தது, படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். உயிரோடு. நான் நீந்திப் போய் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தடவினேன், ரத்தம் வருகிறதா என்று கையைப் பார்த்தேன், மறுபடி தடவினேன். ரத்தம் இல்லை. காதுக்குப் பின்னால் தடவியபோது என் விரல் நுனியில் முடி தட்டுப்பட்டது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

"கைய எடுடா, இன்னா ஆச்சு உனக்கு?" என்று என்னைத் தள்ளிவிட்டான். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் தள்ளினான்.

ஏழுமலை அண்ணன் கயிற்றை இழுத்தார். நுனியில் ஒரு களவா வந்தது. ஆறு கிலோ இருக்கும். கண்ணுக்குப் பின்னால் நாணயம் அளவு இடத்தில் ஈட்டி ஏறி அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. "அட்ரா சக்கை, ஒரே குத்து!" என்றார் அவர். நான் படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

கரைக்கு வருவதற்குள் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டுவிட்டேன். மூச்சு அடக்கியது அதிகமாகிவிட்டது, மூளைக்குக் காற்றுப் போகவில்லை, இல்லாததைப் பார்த்தேன், பேரிங் கதைதான். வெயிலில் உறையைக் கழற்றிப் பெட்டியில் எறிந்த மோகன், தலையை எடுத்துக்கொள் என்று நான் சொன்னதற்கு, "வேணாம், நீயே வெச்சுக்க," என்றான். தலையை அவன் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. சிநேகிதன் பிழைத்தான் என்கிற நிம்மதியில் எனக்குப் பசி கொலைப்பசியாக இருந்தது. மனைவி விஜி குழம்பு வைத்தாள். மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மொட்டை மாடியில் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசினேன். மோகனின் உறை என் பெட்டியிலேயே கிடந்தது. பிழிந்து உதறி வெயிலுக்கு எதிராகப் பிடித்தேன். வலது காதுக்குப் பின்னால் ஒரு ஓட்டை. அதற்கு நேர் எதிரே இடது பக்கத்தில் இன்னொரு ஓட்டை.

கிழிசல் இல்லை, ஓட்டை. சுற்றிலும் நூல்கூடப் பிரியாமல் வட்டமாக இருந்தன. ஈட்டியைக் கழற்றி இந்தப் பக்கம் நுழைத்தேன், எங்கேயும் தட்டாமல் அந்தப் பக்கம் வந்தது. கீழே போய் வெர்னியரை எடுத்துவந்து அளந்தேன், என் புத்தி அப்படி. ஈட்டியின் குறுக்களவும் ஓட்டையின் குறுக்களவும் ஒன்று. காலையில் என் விரலில் முடி பட்டது ஏன் என்று அப்போது புரிந்தது, மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் தொழிலில் ஒரே தடவை துளை போட்டு இரண்டு தகட்டில் ஓட்டை விழ வேண்டுமானால் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். அன்று நான் அடித்தது ஒரே அடி. மீனில் இரண்டு ஓட்டை, உறையில் இரண்டு ஓட்டை. அப்படியானால் மோகன் அப்போது எங்கே இருந்தான்? என்னங்க இப்படி வேர்க்குது உங்களுக்கு என்று விஜி கேட்டாள். வெயில் என்றேன்.

மோகனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன்னைக் குறி பார்த்துச் சுட்டேன் என்றா? துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மோகனிடம் கோளாறு தெரிய ஆரம்பித்தது. மீன் சாப்பிடுவதையே விட்டுவிட்டான். பேசிக்கொண்டே இருக்கும்போது விரலால் வலது காதுக்குப் பின்னால் அழுத்திக்கொள்வான், கேட்டால் "தண்ணி பூந்துக்கினு வெளிய வர மாட்டேங்குது மச்சி" என்பான். காது டாக்டர் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அதைவிட மோசம், அவனால் தலையைத் தண்ணீருக்குள் விட முடியவில்லை. நீச்சல் கோச், கரையில் நின்று விசில் ஊதுகிறான். குளத்தில் வேலை போய்விடும் போல இருந்தது. என் வாயை மூடிக்கொண்டு நான்தான் அவனை இப்படி வைத்திருக்கிறேன் என்று எனக்கு இரவு பகலாக உறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை உறையை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போனேன். படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், களவா, நாணயம், அவன் முகம், சத்தம். உறையைப் பிரித்து அவன் மடியில் வைத்தேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் இரண்டு ஓட்டையிலும் இரண்டு ஆள்காட்டி விரலையும் விட்டுப் பார்த்தான்.

"நான் பாத்தேன்டா," என்றான்.

"எத?"

"ஈட்டி வந்தத. நீ ரொம்ப நேரமா காணோம்னு எறங்கிட்டேன், காவல வுட்டுட்டேன், என் தப்புதான். திரும்பறேன், உன் ஈட்டி வந்துக்கினு கீது. வலிக்கல மச்சி. மூச்சும் முட்டல. அப்பால பாத்தா, நீ மேல போய்க்கினு கீற. உன் காலு துடுப்பு ஆடறது தெரியுது. நான் பின்னால வந்துக்கினு கீறேன். நானா நீஞ்சல. நீ இஸ்துக்கினு போற."

"அப்புறம்?"

"மேல போய் என் பேர சொல்லிக் கத்துன பாரு, அது காதுல வுழுந்துச்சு. வுழுந்ததும் படகுக்கு அந்தாண்ட மெதந்துக்கினு கீறேன். இன்னா ஆச்சுன்னு எனக்கும் தெரியல. பொண்டாட்டி கிட்டகூட சொல்லல."

பிறகு அவன் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"அந்த மீன இன்னா பண்ண?"

"கொழம்பு வெச்சோம்."

"தலைய?"

பொய் சொல்லியிருக்கலாம். நாய்க்குப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் சாப்பிட்டேன்," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். ஏதோ ரொம்ப நாளாகத் தேடிய கணக்குக்கு விடை கிடைத்தது போல மெதுவாக ஆட்டினான். விரல் காதுக்குப் பின்னால் போனது. உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. துப்பாக்கியை நானே மெஷினில் வைத்துத் துண்டு துண்டாக அறுத்துவிட்டேன். மோகனுக்கு வேலை போகவில்லை, ஆனால் அவன் இன்னும் கரையில் நின்றுதான் விசில் ஊதுகிறான். ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல எங்கள் வீட்டுக்கு வருகிறான், விஜி கத்திரிக்காய் சாம்பார் வைக்கிறாள், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். எனக்கு ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் முன்பு போல நேராகத் திரும்புவதில்லை. முழுப் பக்கத்தையும் எனக்குக் காட்டி, வலது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, அசையாமல் நிற்கிறான். வேண்டுமென்றே செய்கிறானா என்று தெரியவில்லை, கேட்கவும் பயம். நான் அவன் முகத்தைப் பார்க்கத்தான் நினைக்கிறேன், சத்தியமாக. ஆனால் என் கண் முதலில் போய் நிற்பது அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தில்தான்.

போன ஞாயிறு கையில் தட்டோடு அப்படி நின்றபடியே சொன்னான், "அங்க பாக்காத மச்சி."